கம்பிப் பெட்டி கற்பித்த பாடம்

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மாலைச் செபத்திற்கு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னால், திரிக்கு ஒரு விரற்கடை தள்ளியே தீக்குச்சியை நீட்டுவாள். மோர் ஊற்றினால் பாதி டம்ளரில், பாதி தரையில். படி இறங்கவும் தயங்குவாள். “கவனம் எங்கே போயிற்று?” என்று கடிந்துகொண்டோம். ஒருமுறை கை நீட்டியும் விட்டோம். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு உறுத்துகிறது.

பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில்தான் உண்மை தெரிந்தது. இடக்கண்ணில் பார்வை மிகக் குறைவு. புரையோ புண்ணோ இல்லை. அக்கண்ணில் மங்கலாக விழுந்த உருவத்தை மூளை சிறுவயதிலிருந்தே ஒதுக்கிவிட்டதாம். இதனைச் ‘சோம்பல் கண்’ என்கிறார்கள். மற்றொரு கண் நன்றாகத் தெரிவதால் குழந்தை முறையிடுவதில்லை; பெற்றோரும் அறிவதில்லை.

கண்ணாடி அணிவித்து, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைக்கச் சொன்னார் மருத்துவர். காலம் கடந்துவிட்டதோ என்று கலங்கினோம். சிறுவயதில் தொடங்குவதே சிறப்பு. ஆயினும் ஏழு வயதைத் தாண்டிய பிள்ளைகள் பலருக்கும் பார்வை தேறுகிறது என்று 2005-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியுள்ளது என்று அவர் தேற்றினார்.

சில மாதங்களுக்குப் பின், கண் பயிற்சி தரும் அம்மையார் கம்பியால் செய்த கனசதுரம் ஒன்றை எங்கள் கையில் தந்தார். “ஒரு கண்ணை மூடி உற்றுப் பாருங்கள்” என்றார். சிறிது நேரத்தில் முன்பக்கம் பின்னாலும், பின்பக்கம் முன்னாலும் போயிற்று! தலையை அசைத்தால் பெட்டியும் கூடவே திரும்புவதுபோல் தோன்றியது. தாளில் வரைந்த கனசதுரம் இவ்வாறு புரள்வதை 1832-இல் சுவிட்சர்லாந்து அறிஞர் நெக்கர் எழுதிவைத்தார். இரு கண்களையும் திறந்தோம், பெட்டி நிலைபெற்றது. இரு கண்களும் சற்றே வேறுபட்ட உருவங்களைத் தர, மூளை அவற்றை இணைத்து ஆழத்தை அறிகிறது. இதனை 1838-இல் விளக்கியவர் இங்கிலாந்து நாட்டு வீட்ஸ்டன்.

எங்கள் மகளுக்கோ இரு கண்களும் திறந்திருந்தபோதும் பெட்டி புரண்டுகொண்டே இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயன்றோம், தடுமாறினோம். எங்கள் குழந்தை நாள்தோறும் பட்ட பாடு அன்றுதான் விளங்கியது.

கம்பிப் பெட்டி நோயைக் குணமாக்கும் மருந்தன்று. கண்ணாடியும் கண்மூடலுமே முதன்மை. ஆனால் விளையாட்டென்று சொன்னதால், கண்மூடிக்குச் சிணுங்கியவள் பயிற்சிக்கு விருப்புடன் அமர்ந்தாள். ஓராண்டு கழிந்து ஒருநாள், “அம்மா, ரெண்டு கண்ணுலயும் பார்த்தா பெட்டி மாறவே மாட்டேங்குதுங்க!” என்று கூவினாள். “அப்படியா கண்ணு!” என்று அணைத்துக்கொண்டோம். இடக்கண் இன்னும் முழுமை பெறவில்லை. எனினும் மெழுகுவர்த்தியை இப்போது அவள்தான் ஏற்றுகிறாள்.

அன்புப் பெற்றோரே, மதுரையில் 1976-இல் மருத்துவர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1997 முதல் நம் கோவையிலும் இயங்குகிறது. சங்கரா கண் மருத்துவமனையும் இங்குண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்குமுன் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே பரிசோதிக்கச் செய்யுங்கள். ‘கவனமில்லை’ என்று கடியுமுன், அதன் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.