முதற் சுற்று

பிச்சாட்டூரிலிருந்து ஊத்துக்கோட்டை செல்லும் சாலையில் எதிர்க்காற்றில் மிதிவண்டி ஓட்டும் சிறுவர்கள் ஓர் உண்மையைத் தாமாகவே அறிந்துகொள்கிறார்கள். முன்னே செல்பவனுக்கு மூச்சு வாங்கும். அவன் பின்னே ஒட்டிச் செல்பவனுக்கு மிதி இலகுவாகும். காற்றை ஒருவன் வாங்கிக்கொள்ள, மற்றவன் வலிமையைச் சேமிக்கிறான். உலகின் பெரிய மிதிவண்டிப் பந்தயங்களும் இந்த எளிய உண்மையை அடிப்படையாகக் கொண்டவையே.

இப்பந்தயங்கள் சாலையிலும் நடைபெறும். சாய்ந்த வளைவுகள் கொண்ட வட்டத் தடத்திலும் நடைபெறும். இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி இரண்டிலும் வென்றவர். 1942இல் மிலான் நகரத் தடத்தில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். 1949, 1952 ஆகிய ஆண்டுகளில் பிரான்சு நாட்டின் நெடுஞ்சாலைப் பந்தயத்தை வென்றார். இந்திய வீரர்களோ 1948, 1952, 1964 ஆகிய ஒலிம்பிக் போட்டிகளில் மிதிவண்டி ஓட்டினர். அதன்பின் அக்கதவு நெடுங்காலம் மூடியே கிடந்தது.

2010இல் காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகப் புதுதில்லியில் 250 மீட்டர் சுற்றளவுள்ள மரத்தடம் அமைக்கப்பட்டது. அத்தடத்தை நாடி அந்தமான் நிக்கோபார் தீவுகளிலிருந்து இளையோர் வந்தனர். அவர்களுள் டெபோரா ஹெரால்டு ஒருவர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது அவருக்கு வயது ஒன்பது. மரமொன்றைப் பற்றிக்கொண்டு பல நாள் உயிர் காத்த அச்சிறுமி, பின்னாளில் ஆசியப் போட்டிகளில் பதக்கங்கள் பெற்றார். 2015இல் 500 மீட்டர் ஓட்டத்தின் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்தையும் எட்டினார்.

அதே தீவுகளிலிருந்து வந்தவர் எசோ ஆல்பன். கடல் கடந்து, வேற்று மொழி வழங்கும் தலைநகரில் தங்கி அவர் பயின்றார். தடத்தில் ஓட்டும் மிதிவண்டிக்குத் தடைக்கட்டை கிடையாது. சக்கரம் சுழலும்வரை மிதியும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை ஓய்வாக வைக்க வழியில்லை.

2018 ஆகஸ்டில், சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் இளையோர் உலகப் போட்டி நடந்தது. எசோவுக்கு அப்போது பதினேழு வயது. கெய்ரின் என்னும் பந்தயத்தில் அவர் இறுதிச் சுற்றை அடைந்தார். ஜப்பானில் தோன்றிய இப்பந்தயத்தில், வீரர்கள் முதலில் ஒரு விசைவண்டியின் பின்னே செல்வர். அது விலகியதும் முழு வேகத்தில் பாய்வர். எசோ 0.017 வினாடியில் தங்கத்தை இழந்து வெள்ளி வென்றார். கண்ணிமைக்கும் பொழுதை ஒரு மாத்திரை என்கிறது தமிழ் இலக்கணம். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. எசோ இழந்ததோ அந்த அரை மாத்திரையினும் சிறிய பொழுது! ஆயினும், உலகத் தடப்போட்டியில் இந்தியா பெற்ற முதற் பதக்கம் அதுவே.

அடுத்த ஆண்டு, செர்மனியின் ஓடர் ஆற்றங்கரையிலுள்ள பிராங்பர்ட் நகரில், அணி விரைவோட்டத்தில் எசோ மீண்டும் களம் கண்டார். மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங்கும் ரோஜித் சிங்கும் அவருடன் இணைந்தனர். மூவரும் ஒருவர்பின் ஒருவராகப் புறப்படுவர். முதல்வர் ஒரு சுற்று காற்றைத் தாங்கிவிட்டு விலகுவார்; இரண்டாமவர் அடுத்த சுற்றில் விலகுவார்; மூன்றாமவர் மட்டுமே எல்லைக்கோட்டைக் கடப்பார். கடிகாரம் அவருக்காகவே நிற்கும். முதல்வரின் பெயரை அந்த நொடியில் எவரும் சொல்வதில்லை. ஆனால் அவர் தம் சுற்றில் தளர்ந்திருந்தால், மூன்றாமவரின் வேகம் பயனற்றுப் போயிருக்கும். அன்று இந்திய இளையோர் தங்கம் வென்றனர்; பதக்கம் மூவர் கழுத்தையும் அணிசெய்தது.

பிழைப்புத் தேடிப் பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பங்களிலும் இத்தகைய முதற் சுற்று உண்டு. மொழி தெரியாத ஊரில் முதலில் வாடகைக்கு வீடு தேடியவர், முதலில் வேலை கேட்டு நின்றவர், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வரிசையில் காத்திருந்தவர் என எவரேனும் ஒருவர் எதிர்க்காற்றைத் தம் மார்பில் வாங்கியிருப்பார். மாணவர்களே, உங்கள் வீட்டில் அவர் யார்? அவரிடமே கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.