குழாய்த் தண்ணீரின் பிறந்தகம்

காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, தாங்களே ஓட்டிப்போய்க் காட்டு மிருகங்களைப் பார்த்து வருவதில் அயல் நாட்டாருக்கு அலாதி மோகம். தென் ஆப்பிரிக்காவும் போட்ஸ்வானாவும் 2000-ஆம் ஆண்டில் தங்கள் எல்லைப்புறச் சரணாலயங்களை இணைத்து அமைத்த ககலகாடி பாலைவனப் பூங்கா இதற்குப் பேர் போனது. வறண்ட ஆற்றுப் படுகைகளை ஒட்டி மண் பாதை. சாப்பாடும் படுக்கையும் கையோடு. பொழுது சாய்வதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். குறித்த இடங்களைத் தவிர எங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. தேடி அலையவும் வேண்டாம். தண்ணீர்த் தொட்டியருகே வண்டியை நிறுத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். மான் வரும், மானைத் தேடிச் சிங்கமும் வரும்.

"அத்தனை தூரம் போக நமக்கு ஏது வசதி?" என்கிறீர்களா? அதே வித்தையைச் செம்பரம்பாக்கத்தில் செய்து பாருங்கள்! பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் சாலையில் சிறிது தூரம் போனால் இடது பக்கம் ஏரி.

மழைக் காலம் ஓய்ந்த மார்கழி, தை மாதங்களே ஏற்ற சமயம். விடியற்காலையில் கிளம்புங்கள். தூக்கில் புளியோதரை, தயிர் சாதம். உட்கார ஒரு ஜமக்காளம். கரை கிழக்கே இருப்பதால் காலை வெயில் முதுகுப்பக்கம் விழும், கண் கூசாது. குழந்தைகளைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கள். கூழைக்கடா தாடைப் பையை நீரில் அமிழ்த்தி மீன் அள்ளும். நீர்க்காகம் சிறகை விரித்து, கொடியில் போட்ட துணி போல உலர்த்தும். கரையோரம் யாராவது நடந்தால் போதும், ஆள்காட்டிக் குருவி ஊரைக் கூட்டிவிடும். கூடாரம் போட்டு இராத்தங்க இங்கே இடமில்லை. மதகுப் பக்கம் போகவும் அனுமதியில்லாத வேளைகள் உண்டு. காவலர் சொன்னால் கேட்டுக் கொள்ளுங்கள்.

பறவைகள் மட்டுமா இந்த நீரைத் தேடி வருகின்றன? பட்டணத்தில் நாம் உலை வைக்கும் தண்ணீருக்கும் பிறந்தகம் இதுதான். ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கக்கூடிய நிலையம் 2007-இல் இங்கே திறக்கப்பட்டது. அந்தப் பாலைவனத்து மான்களைப் போல, நாமும் ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நிற்கிற ஜீவன்கள்தாம்!

பிறந்தகத்துக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்தாயிற்று. 2015 டிசம்பர் முதல் தேதி, நிரம்பிய ஏரியிலிருந்து வினாடிக்குச் சுமார் 29 ஆயிரம் கன அடி நீர் திறந்து விடப்பட்டது. அடையாற்றங்கரை வீடுகளில் நள்ளிரவில் வெள்ளம் புகுந்தது. நாலே வருஷத்தில், 2019 கோடையில், இதே ஏரி வெடித்த களிமண் தரையாகக் கிடந்தது. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். தெருவில் லாரிக்காகக் குடத்தோடு நின்ற பெண்களுக்கு அந்த நாட்கள் மறக்குமா?

அதனால்தான் சொல்கிறேன்: சினிமாவுக்கும் கடற்கரைக்கும் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றை இந்த ஏரிக்குக் கொடுங்கள். சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக் பையையும் அங்கே எறியாமல் வீட்டுக்கே கொண்டு வாருங்கள். எறிந்தால் நாம் குடிக்கிற நீரில்தான் விழும். ஒரு தரம் அந்த நீர்ப்பரப்பைக் கண்ணாரப் பார்த்த குழந்தைக்கு, குழாயைத் திறந்து போட்டுவிட்டு விளையாடப் போக மனம் வராது. நாம் பத்துத் தரம் அதட்டிச் சொல்வதைவிட அது நன்றாக மனத்தில் பதியும்.