பாதியில் நிற்கும் படிப்பு

"அவன் தலையில் படிப்பு எழுதவில்லை" என்னும் வாக்கியம் தோட்டப்புறங்களில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இடைநிலைப் பள்ளியை ஒரு பையன் பாதியில் விட்டுவிட்டால், அவன் தகப்பனார் இதைச் சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்கின்றார். உபாத்தியாயர் இதையே வேறு வார்த்தைகளில் சொல்கின்றார். பட்டணத்தில் வாழும் நம் கனவான்களோ, "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊக்கம் போதாது" என்று காப்பிக் கடையில் ஒரு தீர்ப்பு வழங்கிவிட்டு எழுந்து போய்விடுகின்றனர். மூவர் சொல்வதன் பொருளும் ஒன்றே. பொறுப்பு தம்முடையதன்று என்பதே அது. நாலாவது ஆளாக நாமும் சில காலம் அவர்களோடு சேர்ந்திருந்தோம். அதை ஒளிக்காமல் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதலில் நம்மைப் பற்றிச் சொல்லிவிடுதல் முறை. நாம் ஜோகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவரல்லோம். நம் தகப்பனார் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். குடும்பம் ஜோகூர் பாருவில் இருந்தது. நாள்தோறும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் படித்துத் திரும்பினோம். விடியற்காலை நாலரை மணிக்கு அன்னையார் எழுப்புவார். பஸ் வரும்வரை வாசலில் நம்முடன் நிற்பார். ஒரு நாள் நாம் போகாவிட்டால், அன்றைக்கே பள்ளியிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி வந்துவிடும். 'ஓ' நிலைத் தேர்வில் தேறினோம். தகப்பனார் நோயுற்றபின் மேற்படிப்பு நின்றுவிட, மாமன் ஒருவரின் சிபாரிசால் இந்த உத்தியோகம் வாய்த்தது. தேர்வில் தேறியது நம்முடைய மூளையின் வலிமையால்தான் என்று பல ஆண்டுகள் உறுதியாக நம்பியிருந்தோம். அந்தக் கர்வத்தை ஒரு சிறுவன் உடைத்தான்.

நம் தோட்டத்தில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. இன்று செம்பனை நிற்கின்றது. குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம்மவர் குடும்பங்கள் இருபதுக்குள் எஞ்சியிருக்கின்றன. அருகில் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு. தோட்டங்களில் பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாமல் இருந்தால் பள்ளி வைக்கவேண்டுமென்று 1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள் விதித்தமையால் இந்நாட்டில் பெருகிய பள்ளிகளின் வழிவந்தது அது. ஆறாண்டுகள் அங்கே தமிழில் படிக்கலாம். அதற்கு மேல் படிக்கவேண்டுமானால் பதினெட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள பட்டணத்துக்குப் போய், மலாய் மொழியில் நடக்கும் இடைநிலைப் பள்ளியில் சேரவேண்டும். பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இந்தப் பதினெட்டுக் கிலோமீட்டரில்தான் இருக்கின்றது.

நாம் சொல்லவந்த சிறுவன் 2017-ஆம் ஆண்டில் தமிழ்ப்பள்ளியை முடித்தான். விடுமுறை நாட்களில் தகப்பனாருடன் எடைபோடும் இடத்துக்கு வருவான். லோரியின் மொத்த எடையிலிருந்து வெறும் லோரியின் எடையைக் கழித்து, நாம் கணக்குப் பொறியைத் தட்டுவதற்குள் குலைகளின் எடையைச் சொல்லிவிடுவான். ஒரு முறை நாம் எழுதிய தொகையை எட்டிப் பார்த்து, "கிராணி ஐயா, நாப்பது கிலோ கூடப் போட்டுட்டீங்க" என்றான். சரிபார்த்தோம், பிழை நம்முடையதே. இத்தகைய பிள்ளையின் தலையில் படிப்பு எழுதவில்லை என்றால், வேறு யார் தலையில்தான் எழுதியிருக்கும்?

யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் அவனுக்கு மலாய் மொழி போதவில்லை. ஆகவே 2018-இல் புகுமுக வகுப்பில் சேர்க்கப்பட்டான். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிகளிலிருந்து வருகிறவர்களில் மலாய் மொழியில் தேர்ச்சி குறைந்தவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு அம்மொழியைப் பழகவேண்டும் என்பதே அவ்வகுப்பின் நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தோன்றுகின்றது என்பதையும் நினைக்கவேண்டும். கூடப் படித்தவர்கள் முதலாம் படிவத்தில் இருக்க, தான் மட்டும் ஒரு படி கீழே நிற்கின்றான். அறிவியல் பாடத்தில் 'ஒளிச்சேர்க்கை' என்றால் பக்கம் பக்கமாகச் சொல்லத் தெரிந்தவன், 'போத்தோசிந்தேசிஸ்' என்று கேட்கப்படும்போது வாயடைத்து நிற்கின்றான். விஷயம் தெரியும், சொல் தெரியாது. ஆயினும் வகுப்பில் அவனுக்கு வரும் பெயர் 'விஷயம் தெரியாதவன்' என்பதே. அப்பெயரைச் சில மாதங்கள் கேட்ட பிள்ளை அதைத் தானும் நம்பத் தொடங்கிவிடுகின்றான்.

நிற்க. மொழி மட்டுமே காரணமென்றால் அவன் தட்டுத்தடுமாறியாவது கரையேறியிருப்பான். மற்றொரு காரணம் நம் ஆபீஸ் கடிகாரத்தில் இருந்தது. தோட்டத்தில் பெரட்டு காலை ஐந்தரை மணிக்கு. பள்ளி பஸ் லயத்து முனைக்கு வருவது ஐந்து ஐம்பதுக்கு. தாயும் தகப்பனும் வேலைக்காரர்களாதலின், இருவரும் ஐந்தேகாலுக்கே வீட்டைவிட்டுப் புறப்பட்டுவிடுவார்கள். பிள்ளையை எழுப்பி உட்காரவைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளை மறுபடியும் படுத்துவிடும். இருட்டில், யாருமில்லாத வீட்டில், தன்னை அறிவிலி என்று சொல்லும் ஓரிடத்துக்குப் போகத் தானே எழுந்து குளித்துப் புறப்படும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? நம் அன்னையார் ஒரே ஒரு மாதம் நம்மை எழுப்பாமல் விட்டிருந்தால் நாம் என்னவாகியிருப்போம் என்று பின்னாளில் யோசித்தோம். விடை நமக்குப் பெருமை தருவதாக இல்லை.

அவன் முதலில் திங்கட்கிழமைகளில் போகவில்லை. பிறகு மழை பெய்த நாட்களில் போகவில்லை. பஸ்காரருக்குக் கட்டணம் பாக்கியானபோது ஒரு வாரம் போகவில்லை. விட்டுப்போன பாடம் புரியாமையால் மறுநாள் போக வெட்கம். வெட்கத்தால் போகாமையால் அடுத்த பாடமும் புரியாது. வீட்டில் சும்மா இருக்கவேண்டாமே என்று தகப்பனாரோடு போய் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கத் தொடங்கினான். பழங்களின் எடை கூடினால் தகப்பனாரின் கூலியும் கூடும். நாம் அதைக் கண்டோம். பள்ளி நாளில் இப்பையன் இங்கே ஏன் நிற்கின்றான் என்று நாம் கேட்கவில்லை. எடையை மட்டும் எழுதிக்கொண்டோம்.

இதைவிடப் பெரிய குற்றமும் நம்மிடம் உண்டு. லயத்து வீடுகளுக்கு வரும் கடிதங்கள் தோட்ட ஆபீசுக்குத்தான் வந்து சேரும். 2019-ஆம் ஆண்டில் பள்ளியிலிருந்து முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது நம் மேசைக்குப் பின்னாலுள்ள தட்டில் ஒன்பது நாட்கள் கிடந்தது. சம்பளக் கணக்கு முடிக்கும் சமயமாதலால் நாம் கவனிக்கவில்லை. பத்தாம் நாள் தகப்பனார் வந்து வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

"இதுல என்னங்க ஐயா எழுதியிருக்கு?"

"பையன் பள்ளிக்கூடம் சரியாப் போகலையாம் அண்ணே. வந்து பார்க்கச் சொல்றாங்க."

"ஒரு நாள் சம்பளம் போயிடுமே ஐயா. அடுத்த மாசம் போய்ப் பார்க்கிறேன்."

"சரி அண்ணே."

அந்தச் 'சரி' என்ற சொல் இன்றுவரை நம் காதில் ஒலிக்கின்றது. அரைநாள் விடுமுறைக்குச் சீட்டு எழுதித் தருவது நம் கையில் இருந்த காரியம். பள்ளிக்குத் தொலைபேசியில் பேசுவதும் நம்மால் ஆகக்கூடியதே. இரண்டையும் செய்யவில்லை. இரண்டாவது கடிதமும் வந்தது, மூன்றாவதும் வந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கைப்பேசிக்குப் போயின. அவ்வீட்டில் இருந்த கைப்பேசி ஒன்றே. அதுவும் தகப்பனாரோடு காட்டுக்குப் போய்விடும். பள்ளிகள் திறந்தபோது அவன் திரும்பவில்லை. பதினாறு வயது நிரம்பியதும் அவன் பெயரை நாமே நம் கையால் செக்ரோலில் எழுதினோம்.

தோட்டத்துப் பிள்ளைகள் கெடுவதற்குக் குடியே காரணம் என்று நம் மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கின்றோம். குடி பல வீடுகளைக் கெடுப்பது உண்மையே. ஆனால் இப்பையனின் தகப்பனார் சம்சுவைத் தொடாதவர். அவ்வாண்டு அவர் வேலைக்கு வராத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் பெரட்டுக்குத் தவறாமல் வந்தமையாலேயே மகன் பள்ளிக்குத் தவறினான் என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

அதே லயத்தில், அதே ஆண்டு, அதே புகுமுக வகுப்பில் சேர்ந்த பெண்பிள்ளை ஒருத்தியும் இருந்தாள். கணக்கில் அவள் இவனுக்கு ஈடல்லள். ஆனால் அவள் தாயார் நம் ஆபீசைக் கூட்டித் துடைக்கும் வேலை பார்ப்பவர். அவருக்கு வேலை ஏழு மணிக்கு. மகளுக்குத் தலை பின்னி, பஸ் ஏற்றிவிட்டுத்தான் வருவார். அப்பெண் எஸ்.பி.எம். தேர்வில் தேறி இப்போது மேலே படிக்கின்றாள். இரு பிள்ளைகளுக்கும் இடையில் நாம் கண்ட பெரிய வித்தியாசம், தாயார் வேலைக்குப் புறப்படும் நேரத்திலிருந்த வித்தியாசமே.

இது நம் தோட்டத்தில் மட்டும் காணும் அதிசயமன்று. 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்பாரும் அவர் குழுவினரும் வெளியிட்ட பெரிய அறிக்கை, பள்ளிக் கட்டடங்களின் வசதியைக் காட்டிலும் பிள்ளையின் குடும்ப நிலைமையே படிப்பை அதிகம் பாதிக்கின்றது என்று கூறிற்று. குடும்பம் ஏழ்மையானால் பிள்ளைக்கு வழியில்லை என்று அதைக் கொண்டு முடிவுகட்டியவரும் உண்டு. ஆனால் சிக்காகோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2005-லும் 2007-லும் வெளியிட்ட அறிக்கைகள் நமக்கு நம்பிக்கை தருகின்றன. உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த முதலாண்டில் பிள்ளை எத்தனை நாள் வந்தது, பாடங்களில் தேறிற்றா என்பவை, அதற்கு முன் வாங்கிய புள்ளிகளைக் காட்டிலும் பின்னால் நடக்கப்போவதைத் தெளிவாகக் காட்டுகின்றன என்று அவர்கள் கண்டனர். புள்ளியை ஒரே நாளில் உயர்த்த நம்மால் ஆகாது; நாளைக் காலையில் ஒரு பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட நம்மால் ஆகும்.

இந்நாட்டில் இதற்கு இன்னுமோர் அவசியம் உண்டு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-லும், மூன்றாம் படிவத்துப் பி.டி.3 தேர்வு 2022-லும் நிறுத்தப்பட்டன. அதன்பின் படித்த பல பிள்ளைகள் தம் வாழ்வில் கண்ட முதல் பொதுத் தேர்வே பதினேழு வயதில் எழுதும் எஸ்.பி.எம். ஆயிற்று. அதில் மலாய் மொழியில் தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை; 2013 முதல் சரித்திரத்திலும் தேறியாகவேண்டும். மற்றப் பாடங்களில் எத்தனை சிறந்த புள்ளி வாங்கினாலும் இவ்விரண்டில் ஒன்று தவறினால் கைக்குச் சான்றிதழ் வராது. இரண்டுமே நாள்தோறும் வகுப்பில் உட்கார்ந்து கேட்டும் பேசியும் எழுதியும் பழகவேண்டியவை. கடைசி மூன்று மாதத்து டியூஷனில் பிடித்துவிடக்கூடியவையல்ல. ஆகவே பெற்றோருக்கு முன்கூட்டியே அடிக்கும் மணி வருகைப் பதிவேடு ஒன்றுதான்.

2022-இல் நாம் மானேஜரிடம் போனோம். இடைநிலைப் பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் வீட்டில் தாய் தகப்பனில் ஒருவர் பள்ளி நாட்களில் ஆறேகால் மணிக்குப் பெரட்டுக்கு வரலாமா என்று கேட்டோம். கேட்கும்போது கை நடுங்கிற்று என்பதை மறைப்பானேன்? அவர் சற்று யோசித்து, மாலையில் அந்த முக்கால் மணியை ஈடுசெய்யவேண்டும் என்று சொல்லி ஒப்புக்கொண்டார். கேட்பதற்கு நமக்கு ஆண்டுகள் பல பிடித்தன. கிடைப்பதற்குப் பத்து நிமிஷம் பிடித்தது. அதனால் தோட்டத்துக்கு ஒரு குலையும் நஷ்டமாகவில்லை.

பஸ் கட்டணம் இன்னும் தீராத கவலையாகவே இருக்கின்றது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது உண்மை. ஆயினும் இரண்டு மூன்று பிள்ளைகளைப் பஸ்ஸில் அனுப்பும் வீட்டுக்கு அது எந்த மூலைக்கு? ஊர்தோறும் சங்கங்கள் வைத்திருக்கின்றோம். ஆண்டு விழாவில் நல்ல புள்ளி வாங்கிய பிள்ளைக்கு மாலையிட்டுப் படம் பிடிக்கின்றோம். மேடை ஏறும் பிள்ளைக்குப் பரிசு தருவது நல்லதே. பஸ் ஏற முடியாத பிள்ளைக்கு ஒரு மாதக் கட்டணம் தருவது அதனினும் நல்லது என்பது நமது துணிபு.

பெற்றோர்களே, "இன்றைக்குப் பள்ளிக்குப் போனாயா?" என்று நாள்தோறும் கேளுங்கள்; அதற்கு மலாய் மொழி தெரிந்திருக்கவேண்டியதில்லை. உபாத்தியாயர்களே, மூன்றாவது கடிதம் வரை காத்திராமல் முதல் நாளே அழைத்துப் பேசுங்கள். நம்மைப் போன்ற கிராணிகளுக்குச் சொல்வது ஒன்றே: பள்ளிக் கடிதத்தைத் தட்டில் போடவேண்டாம், அன்றைக்கே கையில் கொடுத்து, படித்துச் சொல்லி, விடுமுறைச் சீட்டையும் கூடவே எழுதிக் கொடுங்கள்.

அந்தச் சிறுவன் இப்போது இருபது வயதைக் கடந்த இளைஞன், குலை வெட்டுகின்றான். அவனுக்கு ஒரு தம்பி இருக்கின்றான். பட்டணத்துப் பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கின்றான். மாலையில் வேலை முடிந்து போகும்போது அண்ணன் அரிவாளை வெளியே சாய்த்துவிட்டு ஆபீஸ் ஜன்னலருகில் வந்து நிற்பான்.

"தம்பி பள்ளிக்கூடத்திலேருந்து ஏதாச்சும் கடிதம் வந்திருக்கா, கிராணி ஐயா?"

"இன்னைக்கு ஒண்ணும் இல்லப்பா."

அவன் தலையசைத்துவிட்டுப் போவான். எந்த நாளிலும் அவன் நம்மைக் குறை சொன்னதில்லை. அவன் கேள்விக்கு விடை சொல்லும் ஒவ்வொரு மாலையும் தட்டில் ஒன்பது நாள் கிடந்த அந்தக் கடிதம் நம் நினைவுக்கு வருகின்றது. தலையெழுத்து என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் கவனியாமல் விட்ட நாட்களின் கூட்டுத்தொகையே. நாட்களை எண்ணி எழுதுவது கிராணியின் தொழில். இனி அதைப் பிள்ளைகளுக்காகவும் செய்வோம்.