ஆண்டாப் ஹில்லில் கொலு பார்க்கும் குழந்தைகள்

மும்பையில் வடாலாவை அடுத்திருக்கும் ஆண்டாப் ஹில்லை நம்மவரில் அறியாதார் குறைவு. மத்திய சர்க்கார் ஊழியர் குடியிருப்புகள் அங்கே செக்டர் செக்டராக நிற்கின்றன. உத்தியோகத்தின் பொருட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் அவற்றில் பல. புரட்டாசி அமாவாசை கழிந்து நவராத்திரி தொடங்கிவிட்டால், மாலையில் மாடிப்படிகள் தோறும் பட்டுப்பாவாடையின் சலசலப்புக் கேட்கும். ஆண்டாள் கொண்டையும் கிருஷ்ணன் மயிற்பீலியுமாகச் சிறுவர் சிறுமியர் வீடு வீடாகச் செல்வர். பாடச் சொன்னால் பாடுவர். சிலர் சுண்டல் கைக்கு வந்த பிறகே வாய் திறப்பர்.

அமெரிக்காவில் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன் என்று இதே போன்ற வழக்கம் உண்டு. வேஷமிட்ட பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் பெறுவர். அந்நியர் கொடுக்கும் மிட்டாயில் விஷம் இருக்குமோ என்பதே அங்குள்ள பெற்றோரின் நெடுநாளைய அச்சம். சமூகவியல் அறிஞர் ஜோயல் பெஸ்ட் பல்லாண்டுச் செய்திகளைத் துருவி ஆராய்ந்தும், அவ்வாறு அந்நியர் கையால் ஒரு குழந்தை மாண்டதாக உறுதியான சான்று அகப்படவில்லை. 1974இல் டெக்ஸாஸில் ஒரு சிறுவன் விஷ மிட்டாயால் இறந்தது மெய். கொடுத்தவனோ பெற்ற தகப்பன்! உண்மையான அபாயம் சாலையில் இருந்தது. 1975 முதல் 2016 வரையிலான கணக்கை 2019இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. மற்ற மாலைகளைக் காட்டிலும் அன்று வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் 43 சதவீதம் அதிகம். நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கோ ஆபத்து பத்து மடங்கு. மாலை ஆறு மணியை ஒட்டிய நேரமே மிகக் கொடியது.

நம் கொலுவும் அதே வேளையில்தானே! அக்டோபர்த் தொடக்கத்தில் இங்கு ஆறரைக்குள் சூரியன் மறைகிறான். செக்டர்ச் சாலையின் இரு மருங்கிலும் வண்டிகள் நிற்க, அவற்றின் இடுக்கிலிருந்து வெளிப்படும் குழந்தையை ஓட்டுபவன் காண்பது கடைசிக் கணத்தில்தான். “தெரியாத வீட்டில் தின்னாதே” என்று சொல்லி அனுப்பும் தாய்மார், “சாலையை நீயே கடக்காதே” என்பதையும் அதைவிட அழுத்திச் சொல்ல வேண்டும். ஏழெட்டுப் பேருக்குப் பெரியவர் ஒருவர் கையில் டார்ச்சுடன் கூடப் போவது பெரிய சிரமமன்று. ஒரு கட்டடத்துக் கொலுவையெல்லாம் முடித்துவிட்டே அடுத்ததற்குச் செல்வது நலம்.

மாட்டுங்கா கொலுவுக்குப் போகிறவர்கள் துறைமுக ரயில் பாதையைத் தாண்ட வேண்டியிருக்கும். ரயில்வே குமாஸ்தாவாகிய நான் இதைச் சொல்லாமல் இருக்கலாகாது: பாலம் சுற்றுவழியாயினும் அதுவே வழி. மின்ரயிலை நினைத்த இடத்தில் நிறுத்த இயலாது.

கொலு வைத்த வீட்டாருக்கும் கடமை உண்டு. குத்துவிளக்கைக் கீழ்ப்படி ஓரத்தில் வைத்தால் குனியும் சிறுமியின் பாவாடை அதன்மேல் படும்; எட்டாத மூலைக்கு நகர்த்துங்கள். பாவாடையையும் கணுக்காலுக்கு மேல் இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டலாம், அழகு குறையாது. வண்ண விளக்குகளின் ஒயர் நடைபாதையில் கிடக்க வேண்டாம். படிக்கட்டு பல்பு எரியாத கட்டடமானால், ஒன்பது நாளைக்காவது வாசற்கதவைத் திறந்து வைத்து உள் வெளிச்சத்தைப் படியில் விழச் செய்யுங்கள்.