வாப்பாவுக்காக ஒரு கார் பார்த்தோம்

எங்கள் உம்மாவுக்கு வாரத்தில் இருமுறை டயாலிசிஸ் சிகிச்சை. காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மருத்துவமனையில் அதிகாலை முறையே கிடைத்தது. எனவே இருள் பிரியுமுன் புறப்பட்டு, ஆத்தூர், முக்காணி, பழையகாயல், முள்ளக்காடு வழியாகச் சென்று, ஃபஜ்ர் தொழுகையைத் தூத்துக்குடிப் பள்ளியில் ஜமாஅத்துடன் நிறைவேற்றுவது வாப்பாவின் வழக்கம். ஓட்டுபவரும் அவரே. ரியாத்தில் பதினெட்டு ஆண்டுகள் வாகனம் ஓட்டி எங்களை வளர்த்தவர் அவர். உம்மாவை வேறொருவர் அழைத்துச் செல்வதை அவர் மனம் ஏற்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு நாள் உம்மா எங்கள் தங்கையிடம் தனியே ஒன்றைச் சொன்னார். பழையகாயலைத் தாண்டியதும் வாப்பாவின் தலை ஒரு கணம் சாய்ந்ததாம். பின்விளக்கின்றிச் சாலையோரம் நின்றிருந்த உப்பு லாரி மிக அருகில் வந்தபோது உம்மா அலறியிருக்கிறார். அல்லாஹ்வின் அருளால் கார் ஒதுங்கிவிட்டது. "கண் கூசிருச்சு, வேறொண்ணுமில்ல" என்று வாப்பா சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் உம்மா அதை எவரிடமும் சொல்லவில்லை.

நாங்கள் உடன்பிறந்தோர் மூவரும் கூடிப் பேசினோம். வாப்பாவிடம் நேரில் சொல்லும் துணிவு மூவருக்குமே இல்லை. ஆகவே எளிதான வழியொன்றைத் தேடினோம். ஓட்டுநருக்கு உதவும் வசதிகள் கொண்ட நல்லதொரு செடான் காரை வாங்கிக் கொடுத்துவிட்டால், அவர் அயர்ந்தாலும் கார் விழித்திருக்கும் என்று எண்ணினோம். வட்டிக் கடன் வேண்டாம் என்பதால் மூவரின் சேமிப்பையும் ஒன்றுசேர்த்தோம்.

பார்த்த கார்கள் நான்கு. ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா ஆகிய இரண்டிலும் 2023 மார்ச்சில் வெளிவந்த பெட்ரோல் வடிவங்களிலேயே இவ்வசதிகள் இருந்தன. வெர்னாவில் முன்புறக் கேமராவுடன் ரேடாரும் உண்டு. பின்புற மூலைகளிலுள்ள ரேடார்கள், கண்ணாடியில் படாத பக்கத்தில் வரும் வாகனத்தையும் அறிவிக்கும். ஆனால் அவ்வாண்டு அவை உயர்ந்த வகைகளில் மட்டுமே கிடைத்தன. சிட்டியில் முன்புறக் கேமரா ஒன்றே சாலையைப் பார்க்கிறது. எனினும் அடிப்படை வகை நீங்கலாக மற்ற வகைகளிலும் அது இருந்தது. ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஆகியவற்றில் அப்போது இவ்வசதி இருக்கவில்லை. ஆயினும் அவற்றின் தரை இடைவெளி 179 மில்லிமீட்டர், சிட்டிக்கு 165. எங்கள் தெருவின் வேகத்தடைகளை அறிந்தவர்களுக்கு அவ்வேறுபாடு புரியும். உறுதியிலும் அவை குறைந்தவை அல்ல: 2023இல் குளோபல் என்கேப் சோதனையில் இவ்விரண்டும் வெர்னாவும் ஐந்து நட்சத்திரம் பெற்றன.

உம்மாவையும் உடன் அழைத்துச் சென்றோம். செடானில் இருக்கை தாழ்வு. மூட்டுவலி உள்ளவர் உள்ளே அமர்ந்து பின் எழுவது எளிதன்று. சிகிச்சை முடிந்து திரும்பும்போது உடல் துவண்டுவிடும். காலை நீட்டிச் சாய இடம் வேண்டும். விற்பனையாளர் எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, உம்மா ஒவ்வொரு காரின் பின்னிருக்கையிலும் அமர்ந்து கண்மூடிப் பார்த்தார். சிட்டியில் அமர்ந்தபோது, "இதுல தூக்கம் வருது வாப்பா" என்று எங்கள் மூத்தவரிடம் சொன்னார்.

ஓட்டிப் பார்த்த நாளில்தான் எங்கள் கணக்கு தவறென்று தெரிந்தது. எந்தக் கார் என்பது இங்கு பொருட்டல்ல. இவ்வகைக் கருவிகள் அனைத்துக்கும் பொதுவான வரம்பு அது. முன்வாகனத்துக்கேற்பத் தானே வேகத்தைக் குறைத்துக் கூட்டும் க்ரூஸ் கண்ட்ரோலை இயக்கினோம். லாரிக்கும் எங்களுக்கும் இடையே கார் இடைவெளி விட்டது. அந்த இடைவெளியில் மீன்பெட்டி ஏற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று புகுந்தது. கார் சட்டென்று வேகம் தணித்தது. பின்னால் வந்த வேன் ஒலிப்பானை விடாமல் அடித்தது. அடுத்து, தடம் விலகாமல் காக்கும் வசதி. நான்குவழிச் சாலையில் வெள்ளைக்கோடு தெளிவாக இருந்தவரை அது ஸ்டீயரிங்கை மெல்லத் திருத்தியது. எங்கள் ஊர்ச்சாலைக்குத் திரும்பியதும் கோட்டின் மேல் மணல். சில இடங்களில் கோடே இல்லை. திரையில் இருந்த பச்சைக் குறி ஓசையின்றி மறைந்துவிட்டது.

மோதலைத் தவிர்க்கத் தானே பிரேக் பிடிக்கும் வசதி உயிர்காக்கக்கூடியதே. அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எதிர்வெயில், மழை, கண்ணாடியில் படியும் உப்புத்தூசி ஆகியவை கேமராவின் பார்வையைக் குறைக்கும். திருச்செந்தூருக்குக் கூட்டமாக நடந்து செல்லும் பக்தர்கள், இருளில் சாலையில் படுத்திருக்கும் மாடுகள், விளக்கில்லா லாரி என எல்லாவற்றையும் அது எப்போதும் கண்டுகொள்ளும் என்று எவரும் உறுதி தருவதில்லை. இந்தக் கார்கள் 'இரண்டாம் நிலை' எனப்படும் வகையைச் சேர்ந்தவை. ஓட்டுபவர் கையை ஸ்டீயரிங்கிலும் கண்ணைச் சாலையிலும் வைத்திருக்க வேண்டும் என்பதே அந்நிலையின் பொருள். விழித்திருப்பவருக்கு அது துணை. அயர்ந்தவருக்கு மாற்றாக அது செய்யப்படவில்லை.

அன்றிரவு மூத்தவர் வாப்பாவிடம் அனைத்தையும் சொன்னார். லாரியைப் பற்றியும் சொன்னார். வாப்பா உம்மாவைப் பார்த்தார், உம்மா தலைகுனிந்தார். நெடுநேரம் பேச்சில்லை.

பிறகு வாப்பா தம் தந்தையார் சொன்னதை நினைவுகூர்ந்தார். தூத்துக்குடியில் 1961இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பைப் பாட்டனார் நேரில் பார்த்தவர். கல்லைக் கட்டி ஆழத்தில் இறங்குபவரின் உயிர், தோணியில் கயிறு பிடித்திருப்பவர் கையில். அதனால்தான் மனைவியின் உடன்பிறந்தானைக் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று இக்கரையில் சொல்வதுண்டு. தன் சகோதரி விதவையாவதை எவன் பொறுப்பான்? "கயிறு எவ்வளவு உறுதியா இருந்தாலும், கீழே இறங்குனவன் அசைச்சாத்தான் மேல இருக்கிறவனுக்குத் தெரியும். காய்ச்சக்காரனை மச்சான் இறங்கவே விடமாட்டான்" என்றார் வாப்பா. சற்றுப் பொறுத்து, "நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றும் சொன்னார்.

அச்சொல் எங்களைத் தைத்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவனிடம் பொறுப்பைச் சாட்டும்படி நபிகளார் (ஸல்) கற்றுத்தந்ததை நாம் அனைவரும் அறிவோம். காரை வாங்கினால் கட்டியதாகிவிடும் என்று நினைத்தோம். பெற்ற தந்தையிடம் பணிவோடு உண்மையைச் சொல்வதும் நாங்கள் கட்ட வேண்டிய முடிச்சாக இருந்தது. அதைச் செய்யாமல், அவருடைய மனவருத்தத்துக்கு அஞ்சி, இருவரின் உயிரையும் ஒரு கேமராவிடம் ஒப்படைக்க இருந்தோம்.

சிட்டியையே வாங்கினோம். உம்மாவின் உறக்கம் அதைத் தீர்மானித்தது. அதிகாலைப் பயணத்தில் இப்போது மூத்தவர் ஓட்டுகிறார். அவர் ஊரில் இல்லாத நாட்களில் தெரிந்த இளைஞர் ஒருவருக்குக் கூலி கொடுத்து அமர்த்துகிறோம். சிகிச்சை முடிந்து நல்ல வெளிச்சத்தில் ஊர் திரும்பும்போது சாவி வாப்பாவிடம். காலையில் முன்னிருக்கையில் அமரும் அவர், பயண துஆவை ஓதிவிட்டு, பழையகாயல் வந்ததும் "லாரி நிக்கும், பார்த்துப் போ" என்பார். காரும் சில சமயம் ஒலியெழுப்பும். பெரும்பாலும் வாப்பா முந்திக்கொள்கிறார்.

உங்கள் வீட்டிலும் வயது முதிர்ந்த ஒருவர் ஸ்டீயரிங்கில் அமர்கிறாரா? நல்ல கார் வாங்கித் தாருங்கள். அதற்கு முன் அவர் அருகே அமர்ந்து ஒருமுறை பயணம் செய்யுங்கள். கண்டதை மரியாதையோடு சொல்லுங்கள். வல்ல அல்லாஹ் நம் பெற்றோரின் பயணங்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.