டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள்

"இனி எவன் அண்ணாச்சி பெரிய கேமரா வாங்கப் போறான்? கடைய மூடிட்டு நிம்மதியா இருங்க." ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலையில் இருந்த தம்பி சொன்னது இது. கடையை மூடத்தான் போகிறேன், வயதாகிவிட்டது. ஆனால் தம்பி சொன்னது சரியில்லை. முதல் டிஎஸ்எல்ஆர் வாங்க யோசனை கேட்டு வருகிற பிள்ளைகள் இப்போதுதான் அதிகம். கல்யாணப் போட்டோகிராபர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறி, பழைய பாடிகளைப் பாதி விலைக்கும் கீழே தள்ளிவிடுகிறார்கள். கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிதாக ஒரு டிஎஸ்எல்ஆரும் கொண்டுவரவில்லை. ஆகவே இன்று முதல் கேமரா என்றால் பெரும்பாலும் இன்னொருவர் கைபட்ட கேமராதான். தூத்துக்குடியில் அது உப்புக்காற்றும் பட்ட கேமரா. என் வருத்தமெல்லாம், இந்தப் பிள்ளைகள் மெகாபிக்சலைக் கேட்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள், லென்ஸுக்குள் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பதில்லை.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் கேமராவைத் தொடவிடுவதற்கு முன்னால் லென்ஸைப் பார்க்கத்தான் பழக்கினார். 1961-இல் இந்தக் கடலில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பை நேரில் படமெடுத்தவர் அவர். ஸ்டுடியோவின் பின்னறையில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் சின்ன பல்பு ஒன்று இரவும் பகலும் எரியும். லென்ஸும் நெகட்டிவும் அந்தச் சூட்டில்தான் கிடக்கும். கரண்ட் பில்லைப் பார்த்து அவர் வீட்டில் சத்தம் போடுவார்கள், அவர் காதில் வாங்கவே மாட்டார். காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு லென்ஸாக எடுத்து என் கையில் தந்து, "ஏலே, வெளிச்சத்துல காட்டிப் பாரு, நூலு தெரியுதா?" என்பார். நேராகப் பிடித்தால் திட்டு விழும். சாய்த்துப் பிடிக்க வேண்டும். பின்பக்கமிருந்து வெளிச்சம் ஏற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து வரும்போது இந்தச் சோதனை காலையிலும் மாலையிலும் நடக்கும். முத்துக்குளிப்பு நெகட்டிவ் கடைசிவரை ஒரு புள்ளி பூஞ்சை இல்லாமல் இருந்தது. ஊரில் பெரிய ஸ்டுடியோ வைத்திருந்த எத்தனையோ பேருடைய நெகட்டிவ் பூத்துப்போய்க் குப்பைக்குப் போனது.

அவர் நூல் என்றது ஃபங்கஸை. தூசி புள்ளியாகத் தெரியும். அதற்குப் பயப்பட வேண்டாம், எல்லா லென்ஸிலும் இருக்கும். ஃபங்கஸ் சிலந்தி வலைபோல ஓரத்திலிருந்து கிளைவிட்டு நடுவுக்கு வரும். அதிலிருந்து ஊறும் அமிலம் கண்ணாடியின் கோட்டிங்கை அரித்துவிடும். மெக்கானிக் பிரித்துத் துடைத்தாலும் அரித்த தடம் போகாது. வெயிலுக்கு எதிரே வைத்து எடுத்தால் படம் வெளுத்து நிற்கும். உப்பளத்தில் காலை எட்டு மணிக்கு எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

விற்கிறவரிடம் லென்ஸைக் கழற்றச் சொல்லுங்கள். கேனன் இஎஃப் லென்ஸ் கழற்றினால் அப்பர்ச்சர் திறந்தே இருக்கும். நிக்கான் ஜி லென்ஸ் மூடிக்கொள்ளும். பின்னால் இருக்கிற சின்ன நெம்புகோலை விரலால் தள்ளித் திறக்க வேண்டும். இது தெரியாமல் மூடிய அப்பர்ச்சர் வழியாக நடுவில் மட்டும் பார்த்துவிட்டு "கிளீனா இருக்கு" என்று வாங்கி வந்தவர்கள் உண்டு. ஓரத்தில்தானே பூத்திருக்கும்!

அடுத்து பாடியைத் தலைகீழாகத் திருப்புங்கள். அடித்தட்டு ஸ்க்ரூக்களில் துரு, பேட்டரி அறையில் பச்சை, பிளாஷ் மாட்டுகிற இடத்தில் வெள்ளைப் பொடி, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அந்தக் கேமரா கடலுக்குப் போய்வந்து துடைக்கப்படாத கேமரா. விலையைக் குறைத்தாலும் வேண்டாம். ஜூம் வளையத்தைக் காதருகே வைத்துத் திருப்புங்கள். நறநறத்தால் முயல் தீவு மணல் உள்ளே இருக்கிறது. பிறகு எஃப்16-இல் வெள்ளைச் சுவரை ஃபோக்கஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரின் அழுக்கு அத்தனையும் வெளியே வரும். எஃப்4-இல் அது தெரியாது; அதில் எடுத்துக் காட்டுகிற ஆள் விவரமானவர்.

ஷட்டர் கவுன்ட், அதாவது கேமரா இதுவரை சுட்ட படங்களின் எண்ணிக்கை பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. நிக்கானில் அந்த எண் படத்தோடு சேர்ந்தே வரும் எக்ஸிஃப் குறிப்பிலேயே பதிவாகியிருக்கும். பெரும்பாலான கேனன் அப்படி எழுதாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எக்ஸிஃப் இருக்காது, ஒரிஜினல் ஃபைலைக் கேளுங்கள். டி3500-க்கு ஒரு லட்சம், டி7200-க்கு ஒன்றரை லட்சம் என்று கம்பெனி சோதித்த அளவு. ஒரு முகூர்த்தத்துக்கு நாலாயிரம் படம் சுடுகிற இந்தக் காலத்தில் ஒன்றரை லட்சம் எத்தனை நாளைக்கு வரும்? எங்கள் காலத்தில் முப்பத்தாறு படத்தில் தாலி கட்டும் படம் தப்பாது. இன்று பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்கிறார்கள். கையில் நிதானமில்லாதவன் விற்கிற கேமராவைத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள்.

எந்த மாடல் என்று கேட்டால் என் பதில் நிக்கான் டி7200. 2015-இல் வந்தது, தூசிக்கும் ஈரத்துக்கும் ஓரளவு தடுப்பு உண்டு, பாடிக்குள் ஃபோக்கஸ் மோட்டாரும் உண்டு. டி3000, டி5000 வரிசையில் அந்த மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 எம்எம் ஏஎஃப்-டி லென்ஸை அதில் மாட்டிவிட்டு, ஃபோக்கஸ் ஆகவில்லை, ரிப்பேர் என்று என்னிடம் கொண்டுவருவார்கள். கேனனில் 3000டி வேண்டாம், லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக்.

பணம் கொடுக்கிற இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். "துறைமுகத்துல சிஐஎஸ்எஃப்ல இருக்கேன், டிரான்ஸ்பர் ஆயிட்டு, பாதி விலைக்குத் தாரேன், கூரியருக்கு மட்டும் முன்பணம் போடுங்க" என்று அடையாள அட்டைப் படத்தோடு செயலியில் செய்தி வரும். கேமராவும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று க்யூஆர் கோடு அனுப்பினாலும் நம்பாதீர்கள், பணம் வாங்குவதற்கு யாரும் அதை ஸ்கேன் பண்ண வேண்டியதில்லை. ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் உங்கள் பணம்தான் போகும். ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930-க்குப் போன் போடுங்கள். நேரில் பாருங்கள், பகலில் பாருங்கள், உங்கள் கார்டைப் போட்டு எடுத்துப் பாருங்கள். முதல் பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் பாடியின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் இல்லாத கேமரா திருட்டுக் கேமராவாகவும் இருக்கலாம். கடையில் புதிது வாங்கினாலும் பெட்டி, பாடி, வாரன்டி கார்டு மூன்றிலும் எண்ணைச் சரிபாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஐயாயிரம் குறைத்துத் தருகிற சரக்குக்கு இந்தியாவில் கம்பெனி வாரன்டி கிடைக்காது.

வாங்கிய அன்றே காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கிவிடுங்கள். அரிசிக்குள் வைக்காதீர்கள், மாவுத்தூசி உள்ளே போகும். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்களோடு படகில் போய்வந்தால், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாடியை முதலில் ஒற்றி எடுங்கள், பிறகு காய்ந்த துணி. எடுத்தவுடன் காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புக்கல் கீறிவிடும்.

இதெல்லாம் தலையைச் சுற்றினால் ஒன்று மட்டும் செய்யுங்கள். பணம் கொடுக்குமுன் ஊரில் மிச்சமிருக்கிற பழைய ஸ்டுடியோக்காரர் யாரிடமாவது கேமராவைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பார்த்துச் சொல்வதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை.