தொட்டுப் பார்க்காத காய்ச்சல்

மகனுக்கு அப்போது ஐந்து மாதம். 2023 டிசம்பர். மழை விட்டுப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் தலை பிளந்துகொள்கிற மாதிரி வலி. ராத்திரிக்குள் உடம்பு அனலாய்க் கொதித்தது. 'பாலு கட்டிக்கினு இருக்கும். அதான் காய்ச்ச' என்றார் என் மாமியார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் எங்கள் காலனிக்கு மேற்கே கிடக்கிற பஞ்சமி நிலத்தில் வேலிகாத்தான் வெட்டப் போயிருந்தோம். 1892-இல் வெள்ளைக்கார அரசாங்கம் நம் மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம். இன்றைக்கு யார் யார் பெயரிலோ பட்டா இருக்கிறது. அளந்து காட்டச் சொல்லி மனு கொடுத்திருந்தோம். அளக்க வருகிறவர்கள் நடப்பதற்காவது வழி வேண்டுமே என்று பெண்கள் எல்லோரும் கொடுவாளோடு இறங்கினோம். புல்லில் உட்கார்ந்துதான் கஞ்சி குடித்தோம். புல்லில் உட்கார்ந்துதான் பிள்ளைக்கும் பால் கொடுத்தேன். அதையும் காய்ச்சலையும் சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து ஊரிலிருக்கும் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். எனக்கு முன்னால் உள்ளே போன ஊர்ப் பெண்ணின் முதுகில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். என் முறை வந்தது.

'எந்த ஊரு?'

சொன்னேன்.

'ஊரா, காலனியா?'

'காலனி.'

அதற்கப்புறம் அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. தெர்மாமீட்டரை நர்ஸ் நீட்டினார். நானே அக்குளில் வைத்து எடுத்து நானே நீட்டினேன். 103. 'பால் குடுக்கிறியா? நிறுத்திடு. புட்டிப்பால் குடு' என்று எழுதிக்கொண்டே சொன்னார். ஒரு ஊசி, நாலு மாத்திரை. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கூட்டம் அதிகமாய் இருந்தது என்று யாராவது சொல்லலாம். இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு முன்னால் போன பெண்ணும் அதே கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

பாலை நிறுத்தினேன். எம்.ஏ. படித்தவள், மேடையில் பேசுகிறவள், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவளுக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் பெரிதாய் இருந்தது. இரண்டு நாளில் மார் கல்லாய் இறுகிப் போனது. பிள்ளை புட்டியை முகம் திருப்பித் தள்ளினான். ராத்திரியெல்லாம் அழுகை. டின் பவுடர் வாங்கின காசு ஒரு பக்கம் இருக்கட்டும். அதைக் கரைக்கத் தண்ணீர் வேண்டுமே. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்த பிறகு, எங்கள் காலனித் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். புட்டிப்பால் கொடு என்று சொல்கிறவர்களுக்கு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழுவதில்லை.

காய்ச்சல் இறங்கவில்லை. இன்னொரு இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். டைபாய்டு இல்லை, டெங்கு இல்லை என்றார்கள். தட்டணு கொஞ்சம் குறைந்திருக்கிறது, பார்க்கலாம் என்றார்கள். ஏழாம் நாள் எழுந்து நடக்கத் தெம்பில்லை. மூச்சு வாங்கியது.

அன்றைக்கு அத்தைதான் வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்துவிட்டார். இறுகின மாருக்கு ஒத்தடம் கொடுக்கத் தூக்கியவர் கையை அப்படியே நிறுத்தினார்.

'இன்னாடி இது, பீடி சுட்டாப்புல?'

இடது மாருக்குக் கீழே, மடிப்புக்குள்ளே, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாய் ஒரு கருப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால்தான் எனக்கே தெரியவில்லை. நம் உடம்பை நாமே குனிந்து பார்க்க வெட்கப்படும்படி வளர்த்திருக்கிறார்களே, அதுவும் ஒரு காரணம்.

ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஒரு இளம் பெண் டாக்டர். அத்தை விஷயத்தைச் சொன்னதும் திரையை இழுத்துவிட்டு, 'காட்டுங்கம்மா' என்றார். கையால் தூக்கிப் பார்த்தார். அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். முள்ளுக்காட்டுக்கோ புல்லுக்காட்டுக்கோ போனீங்களா என்று கேட்டார். அப்போதுதான் பஞ்சமி நிலம் என் ஞாபகத்துக்கு வந்தது.

'ஸ்க்ரப் டைபஸா இருக்கும்னு சந்தேகப்படறேன். உண்ணிக் காய்ச்சல்னு சொல்வாங்க. ரத்தம் அனுப்பறேன். ஆனா ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம், மாத்திரைய இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்.'

உண்ணி என்றதும் நம் சனங்கள் மாட்டுக் காதையும் நாய்க் கழுத்தையும் பார்ப்பார்கள். இது அந்த உண்ணி இல்லை. எலி நடமாடுகிற புதர்களில், புல் விளிம்புகளில் இருக்கும் ஒரு சின்னப் பூச்சியின் குஞ்சு. கண்ணுக்குத் தெரியாத அளவு. கடித்தால் வலிக்காது. கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் வரும். கடித்த இடம் சில பேருக்குக் கருகின பொருக்காகும். அது பெரும்பாலும் அக்குள், தொடை இடுக்கு, மாருக்கடி என்று மறைவான இடத்தில்தான் இருக்கும். எல்லோருக்கும் வராது. வந்தால் தேடிப் பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் தெரியும். முற்றவிட்டால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று இறங்கிவிடும். இரண்டாம் உலகப்போரில் அஸ்ஸாம், பர்மா காடுகளில் சிப்பாய்களைப் பிடித்த காய்ச்சல் இதுதான். இன்று இதற்கு மருந்து டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின். மிக முற்றினவர்களுக்கு இரண்டையும் ஊசி வழியே சேர்த்துக் கொடுப்பது மேல் என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது.

எனக்கு டாக்சிசைக்ளின் எழுதினார். வேளைக்கு நூறு மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. மருந்துக் கடைக்காரர், 'பால் குடுக்கிறவங்களுக்கு இது கூடாதே. கொழந்தைக்குப் பல்லு மஞ்சளாயிடும்' என்றார். திரும்ப ஓடி வந்து டாக்டரைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நாள்பட்டுச் சாப்பிட்டால்தான் அந்தக் கவலை. சில நாள் மட்டும் சாப்பிடும்போது பாலில் இறங்குவது கொஞ்சம். அதிலும் பாலிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்வதால் பிள்ளை உடம்பில் சேருவது இன்னும் கொஞ்சம். பயமாயிருந்தால் மாற்று மருந்தும் இருக்கிறது என்றார். இந்தக் காய்ச்சல் ஆளுக்கு ஆள் தொற்றாது, பால் கொடுப்பதால் பிள்ளைக்கு வராது என்றும் சொன்னார். பிறகு மகனின் சட்டையைக் கழற்றி, மடிப்பு மடிப்பாய் அவனையும் பார்த்தார். ஒன்றும் இல்லை.

அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் விடவேயில்லை.

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்றுதான் வந்தது. ஆரம்பத்தில் எடுத்தால் அப்படி வரலாம் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். ஆகவே காகிதத்தில் எனக்கு வந்தது இன்றைக்கும் சந்தேகக் காய்ச்சல்தான். தழும்பு மட்டும் இருக்கிறது.

படுத்துக் கிடந்த நாட்களில் பாபாசாகேபின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. கத்தியவாரில் தீண்டப்படாத ஒரு பள்ளி ஆசிரியரின் மனைவி பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் நோயில் விழுகிறாள். சேரிக்குள் வரமாட்டேன் என்ற டாக்டர் வெளியே நின்று, தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்து, அவர் கணவன் கையில் கொடுத்து, அப்படியே திரும்ப வாங்கிப் பார்த்து, நிமோனியா என்கிறார். அந்தப் பெண் செத்துப்போனாள். 1929 டிசம்பரில் அந்த ஆசிரியரின் கடிதம் 'யங் இந்தியா'வில் வந்தது. என் கைக்குத் தெர்மாமீட்டர் நேராகவே வந்தது. தொண்ணூற்று நாலு வருஷத்தில் நடந்த முன்னேற்றம் அவ்வளவுதானா என்று கேட்டுக்கொண்டேன். சில காய்ச்சல்களைத் தெர்மாமீட்டரால் கண்டுபிடிக்க முடியாது. தொட வேண்டும்.

அந்தப் பெண் டாக்டர் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவர் செய்தது அவருடைய வேலை. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். தொட்டுப் பார்த்ததற்காக நன்றி சொல்ல வேண்டியிருந்ததே, அந்த அவமானம்தான் காய்ச்சலை விட அதிக நாள் இருந்தது.

இப்போது எங்கள் பெண்கள் கூட்டத்தில் பட்டா, மனு பேசி முடித்த பிறகு இதையும் பேசுகிறோம். காட்டுக்குப் போய் வந்தால் குளியுங்கள், சேலையை மாற்றுங்கள். காய்ச்சல் விடவில்லை என்றால் ஒருத்திக்கு ஒருத்தி அக்குளையும் மாருக்கடியையும் பாருங்கள். கருப்புப் பொருக்கு இருந்தால் டாக்டரிடம் நீங்களே காட்டுங்கள். பாலை நிறுத்தச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒரு அக்கா, 'எம் மருமவளுக்குப் போன வருசம் இப்படித்தான் காய்ச்ச வந்து போய்ட்டா. யாரும் பாக்கலியே' என்று அழுதார்.

நிலத்தை இன்னும் அளக்க வரவில்லை. வெட்டின வேலிகாத்தான் திரும்பத் தழைத்துவிட்டது. மறுபடியும் போகத்தான் வேண்டும்.